முதல் நூலுக்கு எடிட்டிங் செலவு: எதற்குக் கொடுக்கலாம், எதற்கு வேண்டாம்?

முதலில் கணக்கைப் போட்டுவிடுவோம். விலை 250 ரூபாய், 300 பிரதி, 10 சதவீத ராயல்டி என்று வைத்துக்கொண்டால், கடைசிப் பிரதி வரை விற்றாலும் எழுதியவர் கைக்கு வருவது 7,500 ரூபாய். அதே 50,000 சொல் நாவலைச் சொல்லுக்கு 50 காசு என்று பேசிச் செம்மையாக்கக் கொடுத்தால் செலவு 25,000. ராயல்டியில் இந்தப் பணம் திரும்பாது. தெரிந்தே செய்யும் செலவு என்றால் சரி. அப்படியானால் எந்த வேலைக்குக் கொடுக்கிறோம் என்பது தெளிவாக இருக்க வேண்டும்.

நம் ஊரில் குழப்பமே அங்குதான். ‘எடிட்டிங் செய்து தருகிறோம்’ என்பவர்களில் பலர் தருவது மெய்ப்புத் திருத்தம்: ஒற்று, ரகர றகரம், நிறுத்தக்குறி. செம்மையாக்கம் வேறு, அது வாக்கியத்தில் கைவைக்கும். கதையின் அமைப்பைப் பார்த்து, ‘இந்த அத்தியாயம் எதற்கு?’ என்று கேட்பது இன்னொரு வேலை. மூன்றுக்கும் கூலி வேறு, ஆளும் பெரும்பாலும் வேறு.

ஒரு பத்தியை வைத்துப் பார்க்கலாம்:

‘கதவை திறந்துக் கொண்டு உள்ளே வந்த முருகேசன் தன் கண்களால் அந்த அறையை பார்த்தார். அங்கே இரண்டு நாற்காலிகள் கிடந்தது. அவர் மிகவும் சோகமாக உணர்ந்தார்.’

மெய்ப்புப் பார்ப்பவர் ‘கதவைத் திறந்துகொண்டு’, ‘அறையைப் பார்த்தார்’, ‘கிடந்தன’ என்று திருத்துவார். (‘எடுத்துக்கொண்டு’ என்பதில் ஒற்று மிகும் என்பதால் ‘திறந்து’க்கும் போட்டுவிடுகிறோம். ‘எடுத்து’ என்பதில் ‘து’வுக்கு முன் வல்லின ஒற்று, அதனால் வன்தொடர்; ‘திறந்து’ என்பதில் மெல்லின ஒற்று, அதனால் மென்தொடர்; மென்தொடர் வினையெச்சத்துக்குப் பின் மிகாது.) பத்தி பிழையற்றதாகிவிடும். ஆனால் உயிர் வராது.

செம்மையாக்குபவர் ‘தன் கண்களால்’ என்பதை அடிப்பார். வேறு எதனால் பார்ப்பது? ‘சோகமாக உணர்ந்தார்’ என்பதையும் எடுத்துவிட்டு, ஓரத்தில் ஒரு கேள்வி எழுதுவார்: ‘மூன்றாம் அத்தியாயத்திலேயே மனைவி இறந்துவிட்டாரே, இரண்டாவது நாற்காலி யாருடையது?’ எழுதியவர் திரும்ப உட்கார்ந்தால் இப்படி வரலாம்: ‘முருகேசன் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார். இரண்டு நாற்காலிகள் கிடந்தன. ஒன்றில் மட்டும் தூசி.’ பணம் கொடுப்பதென்றால் அந்த ஓரக் கேள்விக்குக் கொடுக்கலாம்.

இனி செலவில்லாத வழிகள். சந்திப்பிழைக்கு நாவி, சொற்பிழைக்கு வாணி என்ற இணையக் கருவிகள் இருக்கின்றன. கைப்பிரதியை யாரிடம் கொடுத்தாலும் முதலில் இவற்றில் ஒருமுறை ஓட்டிவிடுவது நல்லது; கூலி கொடுத்துப் பார்க்கும் ஆள் ‘கதவை திறந்து’ போன்றவற்றில் நேரத்தைத் தொலைக்காமல் இருப்பார். ஆனால் ‘மணம் நொந்து’ என்று எழுதினால் எந்தச் சொற்பிழைதிருத்தியும் எளிதில் ஏமாறும், ஏனென்றால் ‘மணம்’ சரியான சொல்தான். அரை/அறை, கரை/கறை எல்லாம் இந்த வகை. பேச்சு வழக்கில் எழுதினால் பக்கமெல்லாம் சிவப்புக் கோடுதான்.

நண்பர்களிடம் கொடுப்பதில் வேறு சிக்கல். ‘நல்லா இருக்கு’ என்பதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. மூன்று பேருக்குக் கொடுத்து இரண்டு வாரம் கழித்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: எந்தப் பக்கத்தில் மூடிவைத்தீர்கள்? இரண்டு பேர் ஏறத்தாழ ஒரே இடத்தைச் சொன்னால் கோளாறு அங்கேதான், அல்லது அதற்குப் பத்துப் பக்கம் முன்னால்.

எங்கள் கணிப்பில், முதல் நூல் எழுதுபவருக்கு முழுப் பிரதியையும் செம்மையாக்கக் கொடுப்பது அவசியமில்லை. முதல் 20 பக்கத்தை மட்டும் நல்ல ஆளிடம் காசு கொடுத்துச் செய்யச் சொல்லுங்கள். வேர்டில் ‘டிராக் சேஞ்சஸ்’ (ஒவ்வொரு திருத்தத்தையும் காட்டும் வசதி) போட்டே திருத்த வேண்டும் என்பது நிபந்தனை. திருத்திய சுத்தப் பிரதி மட்டும் வந்தால் எது மாறியது, ஏன் மாறியது என்று தெரியாது. அடுத்த நூலிலும் அதே தவறு வரும். 20 பக்கத்தில் உங்கள் பழக்கங்கள் பெரும்பாலும் அகப்பட்டுவிடும். 200 பக்க நூலென்றால் மீதி 180 பக்கத்தை நீங்களே அந்த வழியில் திருத்தலாம்.

வட்டார வழக்கு இருந்தால் முன்கூட்டியே ஒரு தாள் எழுதிக் கொடுத்துவிடுங்கள்: எந்தப் பேச்சு வடிவங்களைத் தொடக்கூடாது, ‘ஒரு/ஓர்’ எப்படி, கிரந்த எழுத்து உண்டா, எண்கள் எழுத்திலா இலக்கத்திலா. இல்லையென்றால் ‘வாரேன்’ எல்லாம் ‘வருகிறேன்’ ஆகிவிடும். யாழ்ப்பாணத்துப் பாத்திரம் ‘கதைச்சுக்கொண்டிருந்தவன்’ என்று சொன்னதைத் தமிழ்நாட்டு எடிட்டர் ‘பேசிக்கொண்டிருந்தான்’ என்று திருத்திவைத்தால் யாரைக் குறை சொல்வது?

பதிப்பகத்துக்கு அனுப்பப் போகிறீர்கள் என்றால் மெய்ப்புக்குப் பணம் செலவழிக்க வேண்டாம்; ஏற்றுக்கொண்டால் அது அவர்கள் செலவு. க்ரியா போலச் செம்மையாக்கத்துக்கென்றே பெயர் பெற்ற பதிப்பகங்கள் தமிழில் உண்டு. ‘எடிட்டிங் கட்டணம் கட்டினால் போடுகிறோம்’ என்பவர்களுக்கு நீங்கள் வாடிக்கையாளர், எழுத்தாளர் இல்லை. அவர்கள் நீட்டும் பேக்கேஜில் நூலின் அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னுக்கு ஒரு தொகை இருந்தால் உஷார். இந்தியாவில் அந்த எண்ணை அரசின் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இலவசமாகவே தருகிறது.

சொந்தமாக அச்சிடுபவர் தவிர்க்கவே கூடாத செலவு ஒன்று உண்டு: பக்க வடிவமைப்பு முடிந்த பிறகு ஒரு மெய்ப்பு. வேர்டிலேயே பார்த்தாயிற்று என்று இதை விட்டுவிடுகிறார்கள். வடிவமைப்பாளர் யூனிகோடைப் பழைய எழுத்துருவுக்கு மாற்றும்போது புதுப் பிழைகள் முளைக்கும்: கொம்பு ஒரு வரியிலும் எழுத்து அடுத்த வரியிலுமாக உடையும், துணைக்கால் ரகரமாகும். பக்கத்துக்கு இவ்வளவு என்றோ 16 பக்க ஃபாரத்துக்கு இவ்வளவு என்றோ கூலி பேசலாம். 200 பக்க நூல் என்றால் பன்னிரண்டரை ஃபாரம். திருத்தம் ஏற்றிய பிறகு இன்னொரு முறை ஒப்பிட்டுப் பார்ப்பதும் அந்தக் கூலியில் அடக்கமா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். ‘ஔவையார்’ எங்காவது ‘ஒளவையார்’ ஆகியிருக்கிறாரா என்பதை மட்டும் நீங்களே தேடிப் பார்த்துவிடுங்கள். முதலாவது ‘ஔ’ என்ற ஒரே எழுத்து, இரண்டாவது ‘ஒ’, ‘ள’ என்று இரண்டு; கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரிவதால் மெய்ப்புப் பார்ப்பவரையும் தாண்டி வந்துவிடும்.