மீன் தூளுக்கு மாற்று எது? சோயாவும் செம்பனைப் புண்ணாக்கும் ஈப்புழுவும் செபராங் பிறைக் குளங்களில்

பினாங்கின் செபராங் பிறைப் பகுதியில், நிபோங் திபாலிலிருந்து சுங்கை பாக்காப் வரை, வீட்டுக்குப் பின்னால் இரண்டு மூன்று சிமெண்டுத் தொட்டிகளோ தார்ப்பாய்க் குளமோ வைத்துக் கெலி மீனும் சிவப்புத் திலாப்பியாவும் வளர்க்கும் நம்மவர்கள் ஓரிடத்தில் கூடினால், பேச்சு சற்று நேரத்திலேயே தீவன விலைக்கு வந்துவிடும். நியாயமான பேச்சுதான். வளர்ப்புச் செலவில் பாதிக்கு மேல் தீவனத்துக்கே போகிறது. தீவனத்தில் விலை கூடிய பங்கு புரதம். புரதத்தில் விலை கூடியது மீன் தூள். அதற்குப் பதிலாக எதைச் சேர்க்கலாம் என்று கேட்டால், சோயாப் புண்ணாக்கு, செம்பனை (எண்ணெய்ப்பனை) கொட்டைப் புண்ணாக்கு, கறுப்புச் சிப்பாய் ஈயின் புழு என்று மூன்று பதில்கள் வருகின்றன. அவற்றை ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கும் முயற்சி இது. கோழிக் கழிவு, தௌஹு (சோயாக் கட்டி) செய்தபின் மிஞ்சும் சக்கை போன்றவற்றையும் போகிற போக்கில் தொட்டுச் செல்கிறேன்.

முதலில் மீனைப் பிரித்துக்கொள்ள வேண்டும். திலாப்பியா பாசியும் தாவரமும் தின்று பழகிய மீன். குஞ்சுப் பருவம் கடந்தபின் 28 முதல் 32 விழுக்காடு புரதமுள்ள தீவனத்தில் நன்றாகவே வளரும். கெலி எனப்படும் ஆப்பிரிக்கக் கெளுத்தி புழு, பூச்சி, சிறு மீன் என்று எதையும் விழுங்கும் இரைகொல்லி. அதற்கு 32 விழுக்காட்டுக்குக் கீழே போனால் வளர்ச்சி மந்தமாகும், குஞ்சுகளுக்கு 40 வரை வேண்டும். ஒரே கலவையை இரண்டு தொட்டிக்கும் போட்டுவிட்டு, ஒன்று வளர்கிறது, மற்றது வளரவில்லை என்று தீவனத்தைக் குறை சொல்வது நம்மிடம் அதிகம்.

மீன் தூளின் சிறப்பைப் பற்றி நீட்டிப் பேசத் தேவையில்லை. 60 முதல் 70 விழுக்காடு புரதம், மீனுக்கு வேண்டிய விகிதத்திலேயே அமினோ அமிலங்கள், நார்ச்சத்து இல்லை, வாசனைக்கே மீன் ஓடி வரும். சிக்கல் அது வரும் வழியில் இருக்கிறது. உலக மீன் தூளில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கைத் தரும் பெரு நாடு, எல் நினோவால் கடல் சூடேறியபோது, 2023ஆம் ஆண்டின் முதல் நெத்திலிப் பருவத்தை அதன் வட மத்தியக் கடற்பகுதியில் முற்றாக ரத்து செய்தது. அங்கே வலை இறங்காததற்கு இங்கே மூட்டை விலை ஏறுகிறது.

மாற்றுகளை ஒப்பிடுமுன், மூட்டையில் அச்சிட்டிருக்கும் புரத விழுக்காடு எப்படி வருகிறது என்பதை அறிந்துகொள்வது நல்லது. இந்த அலசல் முழுவதும் அதைச் சார்ந்தே நிற்கிறது. ஆய்வுக்கூடத்தில் யாரும் புரதத்தை நேரடியாக எடை போடுவதில்லை. நைட்ரஜனை அளந்து அதை 6.25ஆல் பெருக்கி, வரும் எண்ணைப் புரதம் என்று எழுதுகிறார்கள். நைட்ரஜன் எதிலிருந்து வந்தாலும் கணக்கில் புரதமாகவே ஏறும். 2007இல் சீனாவிலிருந்து வட அமெரிக்காவுக்குப் போன கோதுமைப் புரதத்தில் நைட்ரஜன் நிறைந்த மெலமின் என்ற வேதிப்பொருள் கலந்திருந்ததும், அது நாய் பூனை உணவையும் தாண்டி மீன் தீவனம் வரை போனதும் இந்த ஓட்டை வழியாகத்தான். அது வேண்டுமென்றே செய்த மோசடி. மோசடியே இல்லாமலும் இந்த எண் ஏமாற்றும் என்பதைக் கீழே பார்க்கலாம்.

சோயாப் புண்ணாக்கில் 44 முதல் 48 விழுக்காடு புரதம் இருக்கிறது; அதில் பெரும்பகுதி மீனுக்குச் செரிக்கக்கூடியது. 44 விழுக்காட்டுச் சோயாவையும் 12 விழுக்காட்டு அரிசித் தவிட்டையும் 56க்கு 44 என்ற விகிதத்தில் கலந்தால், கணக்குப்படி 30 விழுக்காட்டுத் தீவனம் கிடைத்துவிடும். தாவரப் பொருள்களில் அந்த எண்ணை எளிதாகத் தொடுபவற்றில் இது ஒன்று. குறை இரண்டு. முதலாவது, மெத்தியோனின் என்ற அமினோ அமிலம். ஒரு கிலோ நல்ல மீன் தூளில் அது 18 கிராம் அளவுக்கு இருந்தால், சோயாவில் 6 கிராம்தான். தனியாக மெத்தியோனின் தூளை வாங்கிச் சேர்க்கலாம். ஆனால் பெல்லட் (அழுத்திச் செய்த தீவனத் துண்டு) தண்ணீரில் ஊறிக் கிடந்தால் அந்தத் தூள் கரைந்து போய்விடும். தீவனத்தை நிதானமாகத் தின்னும் மீனுக்கு இது உண்மையான இழப்பு. இரண்டாவது, பச்சைச் சோயாவில் உள்ள டிரிப்சின் தடுப்பான். மீனின் குடலில் புரதத்தைச் செரிக்கும் நொதியையே அது முடக்கிவிடும். எண்ணெய் எடுக்கும் ஆலையில் நீராவியில் வறுபட்டு வரும் புண்ணாக்கில் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீர்ந்திருக்கும்.

இதை என் மைத்துனர் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டார். சுங்கை பாக்காப்பில் அவர் வைத்திருக்கும் மூன்று தொட்டிகளில் ஒன்றுக்கு, மலிவாகக் கிடைத்ததென்று பச்சைச் சோயா அவரையை அரைத்துக் கலந்து ஆறு வாரம் போட்டார். மீன் சாகவில்லை, தின்னாமலும் இல்லை. பக்கத்துத் தொட்டித் திலாப்பியா உள்ளங்கை அகலத்துக்கு வந்திருந்த நாளில், இந்தத் தொட்டியில் பிடித்தவை மூன்று விரல் அகலத்தைத் தாண்டவில்லை. கணக்குப்படி இரண்டு தீவனத்திலும் புரதம் ஒன்றுதான்.

செம்பனைக் கொட்டைப் புண்ணாக்கைப் பற்றிப் பேசும்போது நமக்கு ஒரு பாசம் வந்துவிடுகிறது. தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களின் பிள்ளைகள் நாம்; செம்பனை நம் சொந்தப் பொருள்போலத் தோன்றும். இறக்குமதி இல்லை, டாலர் ஏறினாலும் இறங்கினாலும் பெரிய கவலையில்லை, விலையும் குறைவு. ஆனால் கையில் ஒரு பிடி எடுத்து விரல்களுக்கிடையில் தேய்த்துப் பாருங்கள்: மாவுபோல நழுவும் தூளுக்குள் கறுத்த ஓட்டுச் சில்லுகள் நெருடும். அந்தச் சில்லும் மன்னன் (mannan) என்ற கடினமான நார்ப்பொருளும் சேர்ந்துதான் இதை மீன் குடலுக்குப் பாரமாக்குகின்றன. புரதம் 14 முதல் 18 விழுக்காடு. கெலுகோரில் இருக்கும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் மீன் உணவியல் ஆய்வாளர்கள் சிவப்புத் திலாப்பியாவை வைத்துச் செய்து 2002இல் வெளியிட்ட சோதனை இங்கே நேரடியாகப் பொருந்தும். தீவனத்தில் 20 விழுக்காடு வரை இந்தப் புண்ணாக்கைச் சேர்த்தபோது வளர்ச்சி கெடவில்லை. நொதி கொண்டு பதப்படுத்தியபோது இன்னும் கொஞ்சம் கூட்ட முடிந்தது. பூஞ்சையால் நொதிக்கவைத்தபோதோ, ஆய்வுக்கூடக் கணக்கில் புரத விழுக்காடு நன்றாக ஏறியது, மீனின் வளர்ச்சி மட்டும் குறைந்தது. மேலே சொன்ன எண்ணின் ஏமாற்று இதுதான்.

என் பார்வையில், இதை மீன் தூளுக்கு மாற்று என்று அழைப்பதே பிழை. 16 விழுக்காட்டுப் புண்ணாக்கை 20 பங்கு போட்டால் அது தரும் புரதம் 3.2 புள்ளிதான். அதே இடத்தில் தவிட்டைப் போட்டிருந்தால் 2.4 கிடைத்திருக்கும். செம்பனைப் புண்ணாக்கு போட்டியிடுவது தவிட்டோடு. அந்தப் போட்டியில் அது வெல்லவும் செய்கிறது. மீன் தூளின் நாற்காலியில் அதை உட்கார வைத்தால்தான் மீன் மெலிகிறது.

இனி எல்லாரும் ஆசையோடு பேசும் கறுப்புச் சிப்பாய் ஈ. பினாங்கின் வெப்பமும் ஈரமும் அதற்குச் சொந்த ஊர்போல. முட்டை நான்கு நாளில் பொரிந்து, இரண்டு வாரத்தில் புழு அறுவடைக்கு வந்துவிடும். வளர்ந்த ஈ சோற்றில் வந்து உட்காராது, முட்டையிட்டுவிட்டு மடிந்துவிடும். மைத்துனரின் கொட்டகையில் விடியற்காலையில் நின்று பார்த்திருக்கிறேன். முற்றிக் கறுத்த புழுக்கள் தாமாகவே ஈரக் கழிவை விட்டுக் கிளம்பி, பெட்டியின் ஓரத்தில் சாய்த்து வைத்த பலகையில் வரிசையாக ஏறி, மறுமுனையில் வைத்த வாளியில் ஒவ்வொன்றாக விழும். மெல்லிய தூறல் தகரத்தில் விழுவதுபோல ஓசை கேட்கும். இப்படித் தானே வந்து அறுவடையாகும் புரதத்தை வேறெங்கும் காண முடியாது. ஆயினும் முற்றிய புழுவின் தோல் தடித்துவிடும்; தீவனத்துக்கு அதற்கு முந்திய வெள்ளைப் பருவமே மேல், அதைச் சல்லடையில் சலித்துத்தான் எடுக்க வேண்டும்.

உலர்ந்த புழுவில் 40 விழுக்காடு புரதம் என்பார்கள். புழுவின் தோலில் உள்ள, புரதமல்லாத கைட்டின் என்ற பொருளிலும் நைட்ரஜன் இருப்பதால், 6.25க்குப் பதில் 4.76ஆல் பெருக்குவதே சரி என்று ஆய்வாளர்கள் 2017இல் காட்டினார்கள். அப்படிப் பெருக்கினால் 40 என்பது 30க்கு இறங்கிவிடும். அடுத்தது கொழுப்பு. எண்ணெய் எடுக்காத உலர் புழுவில் 30 விழுக்காடு அளவுக்குக் கொழுப்பு உண்டு. புழுவையும் தவிட்டையும் மட்டும் கொண்டு 30 விழுக்காட்டுப் புரதத் தீவனம் செய்யப் பார்த்தால், பழைய கணக்குப்படியே 64 பங்கு புழு போக வேண்டும். புழுவிலிருந்து வரும் கொழுப்பு மட்டும் 19 விழுக்காடாகிவிடும். அந்தக் கலவை பெல்லட்டாக நிற்காது. எண்ணெய் கசிந்து உதிரும், சில வாரத்தில் சிக்கு நாற்றம் பிடிக்கும், மீனின் வயிற்றிலும் கொழுப்புக் கட்டும். 20 பங்கோடு நிறுத்தினால் கொழுப்பு 6 விழுக்காடு. அது மீனுக்கு நல்லதே. கெலியை வைத்துச் செய்த சோதனைகளில், மீன் தூளில் பாதியளவை நீக்கிப் புழுத்தூளைச் சேர்த்தும் வளர்ச்சி குறையாமல் இருந்திருக்கிறது. இயற்கையிலேயே பூச்சி தின்னும் மீன் என்பதால் இதில் வியப்பில்லை.

புழு எதைத் தின்றது என்பதும் முக்கியம். தின்றதில் காட்மியம் என்ற நச்சு உலோகம் இருந்தால் அது புழுவில் சேரும். ஐரோப்பிய ஒன்றியம் 2017 ஜூலையில் மீன் தீவனத்தில் பூச்சிப் புரதத்தை அனுமதித்தபோதும், உணவகக் கழிவிலும் சாணத்திலும் வளர்த்த பூச்சிக்கு இடம் தரவில்லை. சந்தையில் மிஞ்சும் காய், பழம், தேங்காய்ப் புண்ணாக்கு ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்வது நமக்கும் நல்லது.

கோழிக் குடலை நேராகக் குளத்தில் கொட்டும் பழக்கத்தைப் பற்றி எனக்கு நல்ல வார்த்தை இல்லை. மலிவுதான், கெலி பாய்ந்து தின்னும்தான். ஆனால் மிச்சம் அழுகி நீரில் அம்மோனியா ஏறும், நோயும் கூடவே வரும். 2006இல் தேசிய ஃபத்வா மன்றம், பன்றி இறைச்சி, செத்த பிராணி முதலான அசுத்தத்தை வேண்டுமென்றே இரையாகப் போட்டு வளர்த்த நன்னீர் மீன் ஹராம் என்று முடிவு சொன்னது. அதன்பிறகு இந்த மீன் எதைத் தின்று வளர்ந்தது என்று மலாய் வாடிக்கையாளர்கள் கேட்பது இயல்பு, நாம் பதில் சொல்லியாக வேண்டும். ஆலையில் வேகவைத்து அரைத்த கோழிக் கழிவுத் தூள் வேறு. அதில் 60 விழுக்காடு புரதமும் நல்ல அமினோ அமிலங்களும் உண்டு. எங்கிருந்து வந்தது என்று எழுத்தில் காட்டுபவரிடம் மட்டும் அதை வாங்க வேண்டும். இறகுத் தூளில் 80 விழுக்காடு என்று எழுதியிருக்கும். சரியாக நீராவியில் உடைக்காத இறகை மீன் செரிப்பதில்லை.

தௌஹு சக்கை நம் பக்கத்தில் தாராளமாகக் கிடைக்கும். ஈரச் சக்கை கிலோ 20 சென் என்று வைத்துக்கொண்டாலும், அதில் 78 பங்கு தண்ணீர்; மீதியில் கால் பங்கு புரதம். ஒரு கிலோ புரதத்துக்கு 3 ரிங்கிட் 64 சென் ஆகிறது. 44 விழுக்காட்டுச் சோயாப் புண்ணாக்கைக் கிலோ 2 ரிங்கிட் 40 சென்னுக்கு வாங்கினால் 5 ரிங்கிட் 45 சென். சக்கை மலிவுதான், ஆனால் காலையில் ஏற்றி வந்தது மாலைக்குள் புளித்துவிடும். அன்றே போட முடிந்தவர்களுக்கு மட்டும் ஆதாயம். அசோலா என்ற மிதக்கும் நீர்ச்செடிக்கும் இதே தண்ணீர்க் கணக்குதான், இன்னும் மோசமாக. திலாப்பியாவுக்குப் பச்சை நொறுக்காக அதைத் தூவலாம், புரதம் என்று நம்ப வேண்டாம்.

திலாப்பியாவுக்கு நான் போடச் சொல்லும் கலவை இது: சோயாப் புண்ணாக்கு 45, செம்பனைப் புண்ணாக்கு 15, மீன் தூள் 8, தவிடு 22, பிணைப்புக்கு மரவள்ளி மாவு 8, வைட்டமின் தாதுக் கலவை 2. புரதம் 30க்கு வந்து நிற்கும். மீன் தூளை முழுதாக எடுத்துவிடாததற்கு மெத்தியோனினும் வாசனையும் காரணம். கெலிக்கு உலர் புழு 20, சோயா 40, மீன் தூள் 12, தவிடு 20, மாவு 6, தாதுக் கலவை 2. மூட்டைக் கணக்கில் 35க்கு மேல் காட்டினாலும், கைட்டினைக் கழித்தால் 34க்குச் சற்றுக் கீழே. மழை தொடர்ந்து பெய்து புழுப் பெட்டி பின்தங்கும் வாரங்களில் அந்த இடத்தைச் செம்பனையால் நிரப்பாமல், சோயாவையும் மீன் தூளையும் கொஞ்சம் கூட்டி நிரப்ப வேண்டும். எந்தக் கலவையானாலும், குளத்தில் போடுமுன் நாலு பெல்லட்டை ஒரு கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் போட்டுவிட்டுக் கடிகாரத்தைப் பாருங்கள். பத்து நிமிடத்துக்குள் தண்ணீர் கலங்கினால், மரவள்ளி மாவை இன்னும் நன்றாக வேகவைத்துக் கலக்க வேண்டும்.