பேக்கப்புக்கு 24,000 ரூபாய் கட்டி ஏமாந்த கதை, நீங்களாவது பார்த்துக்கொள்ளுங்கள்

நேற்று மதியம் வரை என்னிடம் பேக்கப் இருப்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கல்யாண ஆல்பம் போடும் சின்ன ஸ்டுடியோ என்னுடையது. சர்வர் பராமரிக்கும் ஒரு நிறுவனத்துக்கு (பெயர் வேண்டாம்) வருடத்துக்கு 24,000 ரூபாய் கட்டினேன். முதல் நாள் வந்த பையன் என் போனை வாங்கிக் காட்டினான்: "தினமும் காலையில இந்த மெயில் வரும் சார். 'பேக்கப் சக்சஸ்'னு இருந்தா நிம்மதியா டீ குடிங்க." குடித்தேன், ஐந்து மாதம்.

நேற்று ஹார்ட் டிஸ்க் போனது. கடைசி ஜிப்பைத் (பேக்கப்பை ஒரே பைலாகச் சுருக்கிக் கட்டியது) திறந்தால் பில் ஃபோல்டர் இருக்கிறது, படங்களைக் காணோம். மார்ச்சில் 'படங்கள்' ஃபோல்டரின் பெயரை 'படங்கள்_புதுசு' என்று மாற்றியிருந்தோம். தினமும் பேக்கப் எடுக்கும் அவர்கள் ஸ்கிரிப்டில் பழைய பெயரே கிடந்தது. சர்வரில் ஓடும் லினக்ஸின் ஜிப் புரோகிராம் அப்போது என்ன செய்யும் தெரியுமா? 'நேம் நாட் மேட்ச்ட்' (அந்தப் பெயரில் எதுவும் இல்லை) என்று ஒரு வரி முனகிவிட்டு, கிடைத்ததை மட்டும் கட்டி, எல்லாம் சரி என்று ஸ்கிரிப்டுக்கு 0 திருப்பும். ஒன்றுமே கிடைக்காவிட்டால்தான் 'நத்திங் டு டூ' என்று 12, அதாவது பிழை எண். அந்த முனகலையும் டெவ் நல்லுக்கு (போட்டதெல்லாம் காணாமல் போகும் குப்பைத்தொட்டி) தள்ளிவிட்டார்கள் புண்ணியவான்கள். 0 வந்தால் சக்சஸ் மெயில், அவ்வளவுதான். ஏழு நாள் தாண்டிய ஜிப் தானாக அழிந்துவிடும், அதனால் பழைய நல்ல பிரதியும் இல்லை. 60 ஜிபி இருந்த ஜிப் 14 எம்பி ஆனதை ஒருத்தரும் பார்க்கவில்லை.

போன் செய்தேன். "ஜிப் கரப்ட் ஆகலையே சார், டெஸ்ட் போட்டோம், ஓகே." அந்த டெஸ்ட் உள்ளே இருப்பதைத்தான் பார்க்கும், உள்ளே வராததை எப்படிப் பார்க்கும்? அடுத்து, "பேரை மாத்தினது நீங்கதானே?" ஆமாம், மாற்றினேன். அதைக் கவனிக்கத்தானே 24,000? மேனேஜர் நேற்றிலிருந்து மீட்டிங்கில் இருக்கிறார். என் புகார் டிக்கெட்டை 'ரிசால்வ்ட்' என்று மூடிவிட்டார்கள். 24,000 ரூபாய்!

டிப்ஸ் விரிவாக எழுத உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. ஜிப்பில் 'மஸ்ட் மேட்ச்' ஆப்ஷன் (இரண்டு பெரிய எம்) போடச் சொல்லுங்கள். ஒரு பெயர் கிடைக்காவிட்டாலும் ஜிப்பே உருவாக்காமல் பிழையோடு நின்றுவிடும். க்னூ டாரும் (ஜிப் மாதிரி பைல்களைக் கட்டும் இன்னொரு புரோகிராம்) இல்லாததை விட்டுவிட்டு மீதியைக் கட்டும், ஆனால் கடைசியில் பிழை எண் 2 திருப்பும், அதை ஸ்கிரிப்ட் பார்க்கிறதா என்று கேளுங்கள். மெயிலில் ஜிப்பின் சைஸ் வரவேண்டும். மாதம் ஒரு தடவை நீங்களே திறந்து பாருங்கள்.

அப்புறம் எழுதுகிறேன். ஒரு கல்யாணப் பெண்ணின் அப்பா மூன்றாவது தடவையாகக் கூப்பிடுகிறார், ஆல்பம் எப்போது என்று.