சிங்கப்பூரிலிருந்து வந்த சிங்கத் தலை: வாங்கலாமா?

ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊரில் ஒரு பள்ளியில் பிள்ளைகளுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுக்கிறேன். ஆண்டு விழாவுக்குச் சீனச் சிங்க நடனம் போடலாம் என்றதும், "நமக்கும் சீனாவுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டார்கள். பக்கத்துப் பெரியபட்டினத்து மண்ணிலேயே பழைய சீனப் பீங்கான் பாத்திரச் சில்லுகள் கிடைத்திருப்பதைச் சொன்னேன். அதற்கு மேல் யாரும் பேசவில்லை. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் தம்பி அங்கே ஒரு கடையில் சிங்கத் தலையும் முதுகுத் துணியும் சேர்ந்த சிறுவர் அளவு செட் வாங்கி வந்தான். நம்ம காசுக்கு 12,000 ரூபாய் ஆனது.

தலைக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன். மூங்கில் சட்டத்தின் மேல் காகிதம் ஒட்டி வண்ணம் தீட்டியிருக்கிறார்கள். உச்சியில் ஒற்றைக் கொம்பு. நெற்றியில் சின்னக் கண்ணாடி. துஷ்ட ஆவி தன் முகத்தையே பார்த்து மிரண்டு ஓடுமாம். உள்ளே தொங்கும் கயிற்றை இழுத்தால் இமை மூடும், காது ஆடும். தலை பிடித்த எட்டாம் வகுப்புப் பையன் இமையை மெதுவாக மூடி, ஒரு காதை மட்டும் சட்டென்று அசைத்தான். முன்வரிசை வாண்டுகள் அப்படியே பின்னால் நகர்ந்துவிட்டன. நம் பொய்க்கால் குதிரையில் ஒரே ஆள் எல்லாம் பார்த்துக்கொள்வார். இதில் இரண்டு பேர். வாலில் குனிந்து நிற்கிறவனுக்கு முன்னால் இருப்பவன் இடுப்புதான் தெரியும்.

முதுகுத் துணிதான் மோசம். சிறுவர் அளவு என்று விற்றுவிட்டுப் பெரியவர்கள் நீளத்துக்கு வெட்டியிருக்கிறார்கள். ஒத்திகையில் பின்னால் நின்ற பையன் கால் சிக்கி விழுந்தான். டெய்லரிடம் கொடுத்துப் பிரித்துத் தைத்தோம். கடல் காற்றில் காது ஒட்டிய பசை விட்டுவிட்டது, ஃபெவிகால் போட்டேன். ஆட்டத்தின் சடங்கு பற்றி ஒரு துண்டுச் சீட்டுகூடப் பெட்டியில் இல்லை. எனக்கு அதுதான் பெரிய வருத்தம்.

ஏனென்றால் சடங்கு இல்லாவிட்டால் இது வெறும் பொம்மை. புதுச் சிங்கத்துக்கு முதலில் கண்ணில் சிவப்புப் பொட்டு வைக்க வேண்டும். அப்போதுதான் உயிர் வருகிறது என்பது சீனர்கள் நம்பிக்கை. எங்கள் எச்.எம். தூரிகையால் வைத்தார். சீனப் புத்தாண்டில் கடை வாசலில் லெட்டூஸ் கீரையோடு சிவப்பு உறையில் பணம் கட்டித் தொங்கவிடுவார்கள். சிங்கம் தயங்கித் தயங்கிப் போய்க் கவ்வும், கீரையைப் பிய்த்துக் கூட்டத்தின் மேல் துப்பும், பணத்தை வைத்துக்கொள்ளும். லெட்டூஸுக்கு இங்கே எங்கே போவது? தண்டுக்கீரைக் கட்டு தொங்கியது.

மேளம், தாளம், சேகண்டி மூன்றும் தனியாக வாங்க வேண்டும். நாங்கள் உள்ளூர்த் தப்புக்காரரை அழைத்தோம். "சிங்கத்தோட காலப் பாத்து அடிக்கணும், அவ்வளவுதான டீச்சர்?" என்றார். அதேதான். அங்கேயும் ஆட்டத்தைப் பார்த்துத்தான் மேளம் போகும்.

தூண் மேல் தாவுகிற வித்தையைப் பிள்ளைகளை வைத்து முயலாதீர்கள். அது வருடக்கணக்காகப் பழகியவர்களுக்கு. வாங்குகிறவர்கள் தலையை மட்டும் தனியாகத் தருவார்களா என்று கேளுங்கள். துணியை இங்கேயே பையன் உயரத்துக்குத் தைத்துக்கொள்ளலாம்.