டிஸ்லெக்சியா (வாசிக்கவும் எழுதவும் சிரமப்படுத்தும் கற்றல் குறைபாடு) உள்ள பிள்ளைக்கு வாய்ப்பாடு: மனப்பாடமா, பிரித்துப் பெருக்குவதா?

செலவு: மனப்பாடத்துக்கு எதுவும் வேண்டாம், பிரித்துப் பெருக்கக் கட்டம் போட்ட நோட்டும் ஒரு பிடி புளியங்கொட்டையும் போதும்.

நிலைப்பு: ஒப்பிக்கையில் ஓரிடத்தில் தடுக்கினால், வரிசையை நினைவில் நிறுத்தச் சிரமப்படும் பிள்ளை மறுபடி முதலிலிருந்தே தொடங்க நேரிடும். பிரிக்கத் தெரிந்த பிள்ளையோ 7×8 மறந்துபோனாலும், 5×8=40, 2×8=16 என்று கட்டங்களை இரு பகுதியாகப் பிரித்து, கூட்டி, 56 என்று தானே கண்டுகொள்ளும்; கணக்கைக் கண்டு அஞ்சிய பிள்ளைக்கு அந்தத் தன்னம்பிக்கை மிகப் பெரிது.

வேகம்: மனப்பாடமே முந்தும், ஆனால் தமிழ்நாட்டுப் பொதுத்தேர்வுகளில் இப்பிள்ளைகளுக்குக் கூடுதல் நேரச் சலுகை உண்டு.

எனவே 2, 5, 10 ஆகிய எளிய வாய்ப்பாடுகளுக்கு மனப்பாடம் பொருந்தும். 6 முதல் 9 வரை பிரித்தே கற்பிப்பது நல்லது.