நீர்த்தல் கணக்கு: சூத்திரமா, அலிகேஷனா, கிராம் கணக்கா?

மருந்தாளுநர் படிப்பில் புதிதாகச் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் செறிவு × கனஅளவு (நீர்ப்பதற்கு முன்னும் பின்னும் இது சமம்) என்ற சூத்திரத்தைத்தான் முதலில் பிடித்துக்கொள்கிறார்கள். எளிமையானது, வேகமானது. ஆனால் கலக்கும் திரவத்தில் கரைபொருள் துளியும் இல்லாதபோதுதான் அது சரியாக வரும். இந்த நிபந்தனையை யாரும் அழுத்திச் சொல்வதில்லை என்பதே என் ஆதங்கம்.

50% டெக்ஸ்ட்ரோஸிலிருந்து (குளுக்கோஸ் கரைசல்) 10% கரைசல் 500 மி.லி. வேண்டும். எடுக்க வேண்டிய கனஅளவு க என்றால், சூத்திரப்படி 50 × க = 10 × 500; க = 100 மி.லி. இதை ஊசிமருந்துக்கான நீரால் 500 மி.லி. வரை நிரப்பினால் வேலை முடிந்தது. நீருக்குப் பதில் 5% டெக்ஸ்ட்ரோஸ் இருந்தால்? அதே 100 மி.லி.யோடு 400 மி.லி. 5% கரைசலைச் சேர்த்தால், 50 கிராமும் 20 கிராமும் சேர்ந்து 70 கிராம். கிடைப்பது 14%. நோயாளிக்குப் போகும் கரைசலில் இது சின்னப் பிழையில்லை.

இந்த இடத்தில் அலிகேஷன், அதாவது இரண்டு கரைசல்களை எந்த விகிதத்தில் கலப்பது என்று கட்டம் போட்டுக் கண்டுபிடிக்கும் முறை, கைகொடுக்கும். குறுக்கே கழிக்க வேண்டும், அதாவது ஒரு கரைசலுக்கும் வேண்டிய செறிவுக்கும் உள்ள வித்தியாசம்தான் மற்றக் கரைசலின் பங்கு: 10 − 5 = 5 பங்கு 50% கரைசல், 50 − 10 = 40 பங்கு 5% கரைசல். அதாவது 1:8. 500ஐ ஒன்பதால் வகுத்தால் சுமார் 55.6 மி.லி.யும் 444.4 மி.லி.யும். அழகான முறைதான். ஆனால் எந்த வித்தியாசத்தை எந்தப் பக்கம் எழுதுவது என்று தடுமாறினால் விடை தலைகீழாகிவிடும், கட்டத்தைப் பார்த்தால் தவறு தெரியவும் தெரியாது. இரண்டு செறிவும் ஒரே அலகில் இருக்க வேண்டும், வேண்டிய செறிவு அவற்றுக்கு இடையில் இருக்க வேண்டும்.

என் ஓட்டு கிராம் கணக்குக்கு. 10% என்றால் 100 மி.லி. கரைசலில் 10 கிராம், 100 மி.லி. நீரில் அல்ல. அப்படியானால் 500 மி.லி.யில் 50 கிராம் இருக்க வேண்டும். 50% கரைசலை க மி.லி. எடுத்தால் 0.5க + 0.05(500 − க) = 50. அதே 55.6 வரும். ஒரு வரி கூடுதல், அவ்வளவுதான். மருந்து எங்கிருந்து எவ்வளவு வருகிறது என்பது ஒவ்வொரு அடியிலும் கண்ணுக்குத் தெரியும். அலிகேஷனைப் பயன்படுத்தினாலும் கடைசியில் 27.8 + 22.2 = 50 கிராம் என்று கூட்டிப் பார்த்துவிடலாம்.

விகிதச் செறிவு வந்தால் முதலில் மி.லி.க்கு எத்தனை மி.கி. என்று மாற்றிக்கொள்ளுங்கள். 1:1000 அட்ரினலின் என்றால் 1000 மி.லி.யில் 1 கிராம், அதாவது மி.லி.க்கு 1 மி.கி., 1:10,000 என்றால் 0.1 மி.கி. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக 1 மி.லி.யைத் தகுந்த நீர்ப்பியால் (நீர்க்கச் சேர்க்கும் திரவம்) 10 மி.லி. ஆக்கினால் போதும். இதற்கெல்லாம் சூத்திரமே தாராளம்.