ஹட்டனில் நடந்த மாணவர் உரிமைச் சட்ட ஆலோசனை முகாம்: ஒரு தாயின் மதிப்பீடு

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஹட்டன் நகரில் மூன்று இளம் சட்டத்தரணிகள் நடத்திய இலவச ஆலோசனை முகாமுக்குப் பத்தாம் தரத்தில் படிக்கும் என் மகளுடன் போயிருந்தேன். வீட்டிலிருந்து இணையத்தில் இட்ட பதிவுக்காக ஒரு பிள்ளையைப் பாடசாலை தண்டிக்கலாமா என்பதே அன்றைய பொருள். அந்தக் கேள்வி எங்கள் வீட்டுக்கு ஏற்கெனவே வந்துவிட்டிருந்தது. வகுப்பறைக் கூரை ஒழுகியதில் நனைந்துபோன கொப்பியை அடுப்படியில் காயவைத்து, அதைப் படமெடுத்து, "எங்கள் வகுப்புக்கு எப்போது கூரை வரும்?" என்று ஒரே ஒரு வரியுடன் மகள் இரவில் வட்சப் ஸ்டேட்டஸில் போட்டிருந்தாள். மறுநாள் அந்த ஸ்கிரீன்ஷாட் ஆசிரியரின் கையில் இருந்தது. இரண்டு வாரம் வரவேண்டாம் என்று வாயால் சொல்லி அனுப்பினார்கள். மாணவத் தலைவிச் சின்னத்தையும் கழற்றி வாங்கிக்கொண்டார்கள்.

காலை அமர்வு மிகச் சிறப்பாக இருந்தது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 2017இல் நடந்த சம்பவத்தை ஒரு பெண் சட்டத்தரணி கதைபோலச் சொன்னார். உற்சாகமூட்டும் குழுவின் முதல்நிலை அணியில் இடம் கிடைக்காத ஆத்திரத்தில், 14 வயது மாணவி ஒருத்தி ஒரு சனிக்கிழமை கடையொன்றில் நின்றபடி பாடசாலையைத் திட்டி ஸ்னாப்சாட்டில் பதிவிட்டாள். 24 மணி நேரத்தில் தானாக அழிய வேண்டிய பதிவு, ஸ்கிரீன்ஷாட்டாகப் பயிற்றுநரிடம் போய்ச் சேர்ந்தது. ஓராண்டுக்குக் குழுவிலிருந்து நிறுத்திவிட்டார்கள். 2021 ஜூன் 23ஆம் திகதி அமெரிக்க உயர் நீதிமன்றம் 8க்கு 1 என்ற பெரும்பான்மையில் அந்தத் தண்டனை தவறு என்று தீர்ப்பளித்தது. பாடசாலைக்குள்ளும் வெளியிலும் பாடசாலையே பேச்சைக் கட்டுப்படுத்துமானால், நாளின் 24 மணி நேரமும் பிள்ளை வாய்மூடி இருக்க நேரும் என்பது நீதியரசர் ஸ்டீபன் பிரேயர் எழுதிய தீர்ப்பின் காரணங்களில் ஒன்று. இதைக் கேட்டபோது என் மகள் நிமிர்ந்து உட்கார்ந்ததைப் பார்த்தேன். வீட்டில் நடக்கும் ஒழுக்கத்துக்குப் பெற்றோரே பொறுப்பு என்ற இன்னொரு காரணம் எனக்காகவே சொல்லப்பட்டதுபோல் இருந்தது.

அதேவேளை, சக மாணவரைக் கடுமையாகத் துன்புறுத்துவதையும் ஆசிரியரை மிரட்டுவதையும் பாடசாலை கண்டிக்க அந்தத் தீர்ப்பு இடம்விட்டிருப்பதையும் அவர்கள் மறைக்கவில்லை. ஆசிரியரின் பெயரில் போலிக் கணக்குத் தொடங்கலாமா என்று கேட்ட பையனுக்குக் கிடைத்த நேரான பதிலை எல்லாப் பிள்ளைகளும் கேட்டிருக்க வேண்டும். இணையப் பதிவுகள் தொடர்பான நிகழ்நிலைக் காப்புச் சட்டம் வேறு, பாடசாலையின் ஒழுக்க நடவடிக்கை வேறு என்பதையும் பிரித்துக் காட்டினார்கள்.

ஆனால் அமெரிக்கத் தீர்ப்பு இலங்கையில் எவரையும் கட்டுப்படுத்தாது. நமக்கு உதவக்கூடியவை பேச்சுச் சுதந்திரத்தைத் தரும் நமது அரசியலமைப்பின் 14(1)(அ) உறுப்புரையும், அரச பாடசாலையின் நடவடிக்கைக்கு எதிராக உயர் நீதிமன்றத்துக்குப் போக வழிவிடும் 126ஆம் உறுப்புரையும்தான். அடிப்படை உரிமை மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள் மனுத் தாக்கல் செய்ய வேண்டும்; அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. முறைப்பாட்டுக்குக் கட்டணமும் இல்லை, சட்டத்தரணியும் கட்டாயமில்லை. கண்டியிலும் பதுளையிலும் பிராந்திய அலுவலகங்கள் உள்ளன. இவ்வளவு முக்கியமான விடயத்தை மதியச் சாப்பாட்டுக்கு முந்திய பத்து நிமிடத்தில் ஓட்டமாகச் சொல்லி முடித்தார்கள். அதைவிட மோசம், விநியோகித்த சிங்கள, ஆங்கிலப் பிரதிகளில் இருந்த அந்த ஒரு மாதப் பத்தி தமிழ்ப் பிரதியில் விடுபட்டிருந்தது. மகளின் இடைநிறுத்தம் நடந்து ஏழு வாரம் கடந்த பின்பே நான் அங்கே போயிருந்தேன் என்பதால், அந்த வெற்றிடம் என்னை உறுத்தியது. மண்டபத்தில் இருந்தவர்களில் பெரும்பாலோர் தமிழ்ப் பிரதியைத்தான் கையில் வைத்திருந்தார்கள்.

பிற்பகலின் தனி ஆலோசனை இந்தக் குறையைப் பெரிதும் ஈடுசெய்தது. எனக்கு முன்னால் இருந்த பொகவந்தலாவப் பக்கத்துத் தாய் ஒருவர், நாலாக மடித்த கடிதத்தைச் சீலைத் தலைப்பிலிருந்து அவிழ்த்துக் கொடுத்தார். சட்டத்தரணி முதலில் பார்த்தது திகதியை. விரல்விட்டு எண்ணிவிட்டு, "அக்கா, இருபத்திரண்டு நாள்தான் போயிருக்கு, நாளைக்கே கண்டிக்குப் போவோம்" என்றார். அந்தத் தாய் பதில் சொல்லாமல் கடிதத்தை மறுபடி அதே மடிப்பில் மடித்தார். என் முறை வந்தபோது காலம் கடந்ததை ஒளிக்காமல் சொல்லிவிட்டு, இடைநிறுத்தியதற்கான காரணத்தையும் அது மகளின் கோவையில் எப்படிப் பதியப்பட்டிருக்கிறது என்பதையும் எழுத்தில் தருமாறு அதிபருக்கு அனுப்ப ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார்கள். விடுகைப் பத்திரத்தில் அது ஏறிவிடக்கூடாதே என்பதுதான் இப்போது என் கவலை.

அடுத்த முகாம் தலவாக்கலையில் நடக்கவிருப்பதாகச் சொன்னார்கள். தமிழ்ப் பிரதியை அதற்குள் திருத்தித் தரும்படி எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். போகிறவர்கள் பிள்ளையையும் அழைத்துச் செல்லுங்கள். பதிவின் பிரதியையும் பாடசாலைக் கடிதத்தையும் கொண்டுபோங்கள், கடிதம் தரப்படவில்லையென்றால் யார், எந்த நாளில், என்ன சொன்னார்கள் என்பதை இன்றே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.