சுங்கை சிப்புட் வக்கீல் ஆபீஸ்: பிள்ளைகள் உள்ள மணவிலக்குக்கு எப்படி?

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில், சந்தைப் பக்கம் மாடியில் இருக்கும் சின்ன ஆபீஸ். இருவரும் சம்மதித்துக் கொடுக்கும் கூட்டு மனுவுக்குத் தாராளமாகப் போகலாம்.

பிள்ளைகள் விஷயத்தில் இவர்கள் காட்டும் கவனம்தான் பெரிய பலம். "வசதிப்படி பார்த்துக்கொள்ளலாம்" என்று பொத்தாம்பொதுவாக எழுத விடுவதில்லை. பிறகு சண்டை வருவதே அந்த வரியால்தான். எந்த வாரக்கடைசி, எத்தனை மணிக்குக் கூட்டிப்போய் எத்தனை மணிக்குத் திரும்ப விடுவது, பள்ளி விடுமுறையில் பாதி யாரிடம், இந்தத் தீபாவளி அம்மாவிடம் என்றால் அடுத்தது அப்பாவிடம் என்று எல்லாமே மனுவில் ஏறுகிறது. பிள்ளைகளின் ஜீவனாம்சத்துக்கும் தொகை, தேதி, வங்கிக் கணக்கு எழுதுகிறார்கள். 2018இல் நடப்புக்கு வந்த சட்டத் திருத்தத்தின்படி அது 18 வயதோடு நிற்காமல் மேற்படிப்பு முடியும்வரை தொடரலாம். கேட்காமலே சொன்னார்கள், நல்ல விஷயம்.

திருமணப் பத்திரம், இருவர் ஐசி (அடையாள அட்டை), பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், சம்பளச் சீட்டு கையோடு போகட்டும். கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகியிருக்க வேண்டும். விசாரணை ஈப்போ உயர்நீதிமன்றத்தில்.

ஒருவர் சம்மதிக்காவிட்டால் பொதுவாக முதலில் தேசியப் பதிவுத் துறையின் சமரசக் குழுவுக்குப் போகவேண்டும். அங்கே வக்கீல் பேச முடியாது. இந்த விளக்கம் இந்த ஆபீஸில் போதவில்லை, நீங்களே கேட்டு வாங்குங்கள். தோட்ட வேலைக்காகக் கொடுத்த வீடு வேலையோடு போய்விடும் என்பதால் பிள்ளைகள் எங்கே தங்குவார்கள் என்பதையும் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

தீர்ப்பு வந்த உடனே மறுமணம் செய்யக் கூடாது. மூன்று மாதம் கழித்து அந்தத் தீர்ப்பு இறுதியான பிறகுதான்.